டெல்லி ஜாமா மசூதியும் பழைய டெல்லியும்: ஒரே காலையில் நிதானமாகப் பார்க்க முழுமையான வழிகாட்டி

டெல்லிக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் பலர் காலையில் செங்கோட்டையைச் சுற்றிவிட்டு, "பக்கத்தில்தானே இருக்கிறது" என்று மதியம் ஒரு மணிக்கு ஜாமா மசூதி வாசலில் போய் நிற்கிறார்கள். அது தொழுகை நேரம். சுற்றிப் பார்க்க வந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். வெயிலில் படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்து, அப்புறம் உள்ளே போனால் சிவப்புக் கல் தரை காலைச் சுடுகிறது. கால்மணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். சுற்றியுள்ள தெருக்களைப் பார்க்கத் தெம்பும் இருப்பதில்லை.

வரிசையைத் திருப்பிப் போட்டாலே இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். அதிகாலையில் பள்ளிவாசல், அப்புறம் சாப்பாடு, அப்புறம் கடைத்தெருக்கள். ஏன் இந்த வரிசை என்பதையும் ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாக வருபவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள்

செவ்வாய், புதன், வியாழன், சனி ஆகிய நான்கும் நல்ல நாட்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை. முற்றத்தில் மட்டும் சுமார் 25,000 பேர் நின்று தொழ இடம் உண்டு என்பார்கள். அன்று முற்பகலிலேயே கூட்டம் சேரத் தொடங்கிவிடும், சுற்றியுள்ள சாலைகளிலும் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். தொழ வருபவர்களுக்கு அது மிகச் சிறந்த நாள். பார்க்க மட்டும் வருபவர்கள் வேறு நாளில் வருவதுதான் மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல் திறந்திருக்கும். ஆனால் தரீபா, கினாரி பஜார், காரி பாவ்லி என்று நீங்கள் நடந்து பார்க்கவேண்டிய கடைத்தெருக்களில் பெரும்பாலும் கதவு சாத்தியிருக்கும். திங்கட்கிழமை செங்கோட்டைக்கு விடுமுறை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால் அன்றும் ஒத்துவராது. செங்கோட்டைக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள் என்பது என் கருத்து. இரண்டும் அருகருகே இருந்தாலும், ஒரே நாளில் திணித்தால் இரண்டுமே பாதியில் நிற்கும்.

மாதத்தைப் பொறுத்தவரை அக்டோபர், நவம்பர், பிப்ரவரி, மார்ச் இதமானவை. மே, ஜூனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜனவரி மூடுபனியில் முற்றத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி தெரியாத காலைகளும் உண்டு. ஆகஸ்ட் 15-க்கு முந்தைய சில நாட்கள் செங்கோட்டையைச் சுற்றிப் பாதுகாப்புக் கெடுபிடி அதிகம், சாலைகளையும் அடைப்பார்கள். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

2. தொழுகை நேரத்தைச் சுற்றி நாளைப் பிரியுங்கள்

1656-இல் கட்டி முடித்ததிலிருந்து இது தொழுகைக்கான இடம். 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் பறித்து வைத்திருந்து, 1862-இல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த இடைவெளியை விட்டால் ஐந்து வேளைத் தொழுகை நடந்துகொண்டே இருக்கிறது. ஆகவே இதற்கு அருங்காட்சியகம் மாதிரி திறக்கும் நேரம், மூடும் நேரம் என்று மட்டும் பார்த்தால் போதாது. தொழுகை நேரம்தான் இதன் கடிகாரம்.

பகல் நேரத்தில் மிக நீண்ட இடைவெளி காலைத் தொழுகையான சுபுஹுக்கும் மதியத் தொழுகையான ளுஹருக்கும் நடுவே வருகிறது. கோடையில் எட்டு மணி நேரத்துக்கும் மேல், குளிர்காலத்தில் ஆறு மணி நேரம். பகலின் மற்ற இடைவெளிகள் எல்லாம் குறுகியவை. ஒரு தொழுகை முடிந்து உள்ளே போய், அடுத்த தொழுகைக்குள் வெளியே வரவேண்டும் என்றால் அவசரம்தான்.

பொதுவாகக் காலை ஏழு மணியிலிருந்து மதியம் பன்னிரண்டு வரை, பிறகு ஒன்றரை மணியிலிருந்து மாலைத் தொழுகைக்குச் சற்று முன் வரை பார்வையாளர்களை விடுவார்கள். பகல் நீளும்போதும் சுருங்கும்போதும் இது மாறும். ஆகவே முதல் நாள் இரவே டெல்லியின் தொழுகை நேரத்தைப் போனில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பாங்கு (தொழுகைக்கான அழைப்பு) சொல்வதற்கு அரை மணி முன்பே வெளியேறச் சொல்வார்கள் என்று எண்ணிக்கொண்டு திட்டமிட்டால் தவறாது.

ஏழரைக்குள் வாசலில் இருப்பது என் பரிந்துரை. கல் சுடாது, கூட்டம் இருக்காது, கிழக்கிலிருந்து வரும் வெயில் தொழுகைக் கூடத்தின் முகப்பில் நேராக விழும். மாலையில் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும், முகப்பு நிழலில் மங்கித் தெரியும்.

தொழுவதற்காக வரும் நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற, இஸ்லாமியச் சட்டமரபுகளில் ஒன்றான ஷாஃபி வழக்கத்தைப் பின்பற்றும் ஊர்களில் அஸர் (பிற்பகல் தொழுகை) தொழுது பழகியவர்களுக்கு டெல்லியின் அஸர் மிகவும் தாமதமாகத் தெரியும். இங்கே ஹனஃபி என்ற இன்னொரு சட்டமரபின் வழக்கம். ஊர் நேரத்தை நினைத்துக்கொண்டு மூன்றேமுக்காலுக்குப் போய் நின்றால் ஜமாஅத்துக்கு (கூட்டுத் தொழுகை) வெகுநேரம் காத்திருக்கவேண்டி வரும்.

3. உடுப்பும் பையும்

தோளும் முழங்காலும் மறையவேண்டும். ஆண், பெண் இருவருக்கும் இதே விதிதான். அரைக்கால்சட்டையோடு வரும் ஆண்களுக்கு வாசலில் கைலி கட்டிவிடுவார்கள், பெண்களுக்கு நீள அங்கி கொடுப்பார்கள். இரண்டுக்கும் காசு உண்டு. அதைவிட முக்கியம், பலர் உடுத்திக் கழற்றிய துணி அது. வீட்டிலிருந்தே சரியாக உடுத்தி வந்தால் இந்தப் பேச்சே இல்லை. வேட்டி கட்டி வரலாம். ஆனால் மடித்துக் கட்டிய வேட்டியைப் படியேறும் முன் இறக்கிவிடுங்கள். பெண்களுக்குச் சேலை, சுடிதார் இரண்டும் சரி. தலையில் போட ஒரு துப்பட்டாவோ பெரிய கைக்குட்டையோ வேண்டும்.

ஆண்களும் ஒரு பெரிய கைக்குட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசலில் பார்வையாளர் தலையை மூடித்தான் ஆகவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பிறகு சாந்தினி சௌக்கில் சீக்கியர் வழிபாட்டிடமான சீஸ்கஞ்ச் குருத்வாராவுக்குள் போக ஆணும் தலையை மூடியே ஆகவேண்டும். அதற்காகத்தான்.

பையில் வைக்கவேண்டியவை குறைவு: செருப்பு வைக்க ஒரு துணிப்பை, தடித்த காலுறை, தண்ணீர், சில்லறை நோட்டுகள். செருப்பைக் கையோடு எடுத்துப் போனால் வந்த வாசலுக்கே திரும்பவேண்டிய கட்டாயம் இருக்காது. வாசலில் விட்டுப் போனால் பார்த்துக்கொள்பவருக்குப் பத்து, இருபது ரூபாய் கொடுப்பது வழக்கம். கயிறு கட்டும் ஷூவைத் தவிருங்கள், இந்த ஒரு காலையில் பலமுறை கழற்றி மாட்டவேண்டியிருக்கும். காலுறை கோடைக்காக. முற்றத்தில் நடக்க விரிப்பு போட்டிருப்பார்கள், ஆனால் நீங்கள் போக நினைக்கும் இடத்துக்கெல்லாம் அது நீளாது.

பெரிய முதுகுப்பை, முக்காலி இரண்டும் வேண்டாம். மெட்ரோவிலும் வாசலிலும் சோதனை நீளும், அதோடு சந்துகளில் அந்தப் பையோடு திரும்பக்கூட முடியாது.

4. போய்ச் சேரும் வழி

வாடகைக் காரில் வராதீர்கள். அதிகாலையில் வழி கிடைத்தாலும் திரும்பும்போது சிக்கிக்கொள்வீர்கள். சாந்தினி சௌக் பிரதான சாலையில் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. போனில் கார் பதிவு செய்துவிட்டு, ஓட்டுநர் எங்கோ நிற்க, நீங்கள் எங்கோ நிற்க, இருவரும் போனில் கத்திக்கொண்டிருப்பதுதான் மிச்சம்.

மெட்ரோவில் இரண்டு வழிகள். ஊதா வழித்தடத்தில் ஜாமா மசூதி என்ற பெயரிலேயே நிலையம் இருக்கிறது. மஞ்சள் வழித்தடத்தில் சாவ்ரி பஜார் நிலையம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து புது டெல்லி நிலையம் அருகே தங்கியிருப்பவர்களுக்கு சாவ்ரி பஜார் ஒரே நிறுத்தம்தான். அங்கிருந்து பதினைந்து நிமிட நடை. ஏழு மணிக்கு அந்தத் தெரு அமைதியாக இருக்கும். பத்து மணிக்குமேல் தள்ளுவண்டி, சுமைதூக்கிகள், ரிக்‌ஷா எல்லாம் ஒன்றாக நெரிக்கும் மொத்த வியாபாரத் தெரு அது.

வயதானவர்களோ குழந்தைகளோ உடன் இருந்தால் ஊதா வழித்தடம் மேல். காஷ்மீரி கேட்டில் மாறினால் செங்கோட்டை, ஜாமா மசூதி என்று இரண்டாவது நிறுத்தம். வெளியே வந்து மீனா பஜார் கடைகளின் பக்கம் நடந்தால் பள்ளிவாசலின் கிழக்கு முகம் எதிரே உயர்ந்து நிற்கும். கழிப்பறைத் தேவையை நிலையத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். அடுத்து நல்ல இடம் கிடைக்க நேரமாகும்.

நிலைய வாசலில் ரிக்‌ஷாக்காரர் யாராவது "மசூதி இப்போது மூடியிருக்கிறது, முதலில் மசாலா மார்க்கெட் காட்டுகிறேன்" என்று சொல்லலாம். நேரம் காலை ஏழரை என்றால் அதை நம்பவேண்டாம். சிரித்துவிட்டு நடந்து போய் நீங்களே பாருங்கள்.

5. வாசலைத் தேர்ந்தெடுப்பது

மூன்று வாசல்கள். கிழக்கே இரண்டாம் எண் வாசல், அரசர் வருவதற்காகக் கட்டியது. அது பெரும்பாலும் சாத்தியிருக்கும். புதிதாக வருபவர்கள் அதன் முன்னால் நின்று "பூட்டிவிட்டார்களே" என்று திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். கிழக்கு முகத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் சுற்றினால் முதல் எண் வாசல், அது தெற்கு. வலப்பக்கம் போனால் மூன்றாம் எண் வாசல், அது வடக்கு.

பள்ளிவாசல் போஜ்லா பகாடி என்ற சிறு குன்றின் மேல் நிற்கிறது. அதனால் எந்த வாசலானாலும் படியேறாமல் முடியாது. வடக்கில் 39 படி, கிழக்கில் 35, தெற்கில் 33. முழங்கால் வலி உள்ளவர்களைத் தெற்கு வாசலில் ஏற்றுங்கள். படி குறைவு என்பதோடு, இறங்கியதும் எதிரிலேயே சாப்பாட்டுத் தெரு.

உள்ளே போகக் கட்டணம் இல்லை. கேமராவுக்கும், படம் எடுக்கும் போனுக்கும் காசு வாங்குவது உண்டு. வாசலில் பலகை இருக்கும், அதில் போட்ட தொகையைக் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டு இல்லாமல் யார் கேட்டாலும் கொடுக்கத் தேவையில்லை. "நான் இங்கே வழிகாட்டி" என்று கூடவே நடந்து வருபவரிடம் வேண்டாம் என்றால் முதல் படியிலேயே சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் அவர் பேசுவதைக் கேட்டுவிட்டுக் கடைசியில் மறுப்பது இருவருக்கும் சங்கடம்.

தனியாக வரும் பெண்கள் பற்றி ஒரு விஷயம். 2022 நவம்பரில், பெண்கள் தனியாக உள்ளே வரக்கூடாது என்று வாசலில் பலகை வைத்தார்கள். பெரிய எதிர்ப்பு எழுந்ததும் அதை விலக்கிக்கொண்டார்கள். ஆகவே யாராவது பழைய செய்தியைச் சொல்லித் தயங்க வைத்தால் தயங்கவேண்டாம். பார்க்க வந்தேன் என்று நேராகச் சொல்லுங்கள்.

6. உள்ளே எந்த வரிசையில் பார்ப்பது

வாசலைக் கடந்ததும் எல்லோரும் செய்வது, நேராகத் தொழுகைக் கூடத்தை நோக்கி நடப்பது. அப்படிச் செய்தால் கட்டடத்தின் முழு அளவு கண்ணுக்குப் பிடிபடாது. முதலில் எதிர்த்திசையில், கிழக்கு வாசலின் உட்பக்கத்துக்குப் போங்கள். அங்கே திரும்பி நின்றால் மேற்கே முற்றம் முழுவதும், மூன்று வெண்பளிங்குக் கும்மட்டங்கள், இரண்டு மினார்கள் எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். காலை வெயில் உங்கள் முதுகில் இருக்கும், படமும் நன்றாக வரும். திரும்பிக் கிழக்கே பார்த்தால் செங்கோட்டை.

அங்கிருந்து சுற்று மண்டபத்தின் வழியே மெதுவாக நடங்கள். அதன் தூண்களுக்கு நடுவே உள்ள நிழலில் உட்கார்ந்து ஓதுபவர்கள், தூங்குபவர்கள், ஊரிலிருந்து வந்து மூட்டையோடு இளைப்பாறும் குடும்பங்கள் என்று பலர் இருப்பார்கள். இந்தப் பள்ளிவாசல் நகரத்துக்கு எப்படிப் பயன்படுகிறது என்பது இங்கேதான் புரியும். நீங்களும் பத்து நிமிடம் உட்காருங்கள். யாரும் எழுப்பமாட்டார்கள்.

அடுத்து முற்றத்தின் நடுவே உள்ள ஹவுது என்ற நீர்த்தொட்டி. ஒளு செய்வதற்கான, அதாவது தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவதற்கான தண்ணீர் அது. வெயிலுக்காகக் காலை நனைப்பது, குழந்தையை விளையாட விடுவது இரண்டும் கூடாது. ஹவுதுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு கல்மேடை தெரியும். ஒலிபெருக்கி வருவதற்கு முன், உள்ளே தொழுகை நடத்தும் இமாம் சொல்லும் தக்பீரை ("அல்லாஹு அக்பர்") அதன்மேல் நின்று ஒருவர் உரக்கத் திருப்பிச் சொல்வார். கடைசி வரிசைக்கும் அப்படித்தான் கேட்கும். முற்றத்தின் அளவைப் பார்த்துவிட்டு அந்த மேடையைப் பார்த்தால் அதன் தேவை விளங்கும்.

கடைசியாகத் தொழுகைக் கூடம். முகப்பில் பதினொரு வளைவுகள். நடுவில் உள்ளது மற்றவற்றைவிட மிக உயரம், இருபுறமும் ஐந்தைந்து. வளைவுகளுக்கு மேலே வெண்பளிங்கில் கருங்கல் பதித்த பாரசீக எழுத்துகள் ஓடுகின்றன. உள்ளே தரையைக் கவனியுங்கள். வெண்பளிங்கில் கருப்புக் கோடு போட்டுத் தொழுகைப் பாய் மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டம் ஒருவருக்கு. மேற்குச் சுவரில் தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராப், அதன் பக்கத்தில் மிம்பர் என்ற மேடை. இந்தியாவில் கிப்லா (தொழும் திசை) மேற்கே என்பதால் நம் ஊர்ப் பள்ளிகளில் உள்ள அதே அமைப்புத்தான் இங்கும். மிம்பர்மேல் ஏறிப் படம் எடுக்க முயல்வது பெரிய பிழை. அது இமாம் உரை நிகழ்த்தும் இடம்.

முற்றத்தின் வடகிழக்கு மூலையில் நபிகளாரின் நினைவுப் பொருட்கள் என்று போற்றப்படுபவை பாதுகாக்கப்படுகின்றன. காட்டினால் அமைதியாகப் பார்த்துவிட்டு வாருங்கள், படம் எடுக்கக் கேட்காதீர்கள்.

7. தொழுபவர்கள் நடுவே எப்படி நடப்பது

ஜமாஅத் நேரம் இல்லாவிட்டாலும் யாராவது ஒருவர் எங்காவது தனியாகத் தொழுதுகொண்டிருப்பார். அவருக்கு முன்னால், அதாவது அவருக்கும் மேற்குச் சுவருக்கும் நடுவே குறுக்கே போகக்கூடாது. தொழுகையைக் குலைப்பதாக அது கருதப்படுகிறது. பின்னால் சுற்றிப் போங்கள். வழி இல்லையென்றால் அவர் ஸலாம் கொடுத்து முடிக்கும்வரை நில்லுங்கள், சில நிமிடங்கள்தான். புதிதாக வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு இது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, தெரிவதில்லை அவ்வளவே.

தொழுபவரின் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். எடுத்துத்தான் ஆகவேண்டுமென்றால் தூரத்திலிருந்து, முதுகுப்புறமாக, ஆள் அடையாளம் தெரியாமல். ஓடிப் பிடிப்பது, பாட்டுக்கு ஆடி வீடியோ எடுப்பது ஆகியவற்றைக் காவலர்கள் உடனே தடுப்பார்கள். அலமாரியில் உள்ள குர்ஆன் பிரதிகளைத் தொடவேண்டாம். செருப்புப் பையைத் தரையில் வைக்கும்போது செருப்பின் அடிப்புறம் தரையில் படாமல் பாருங்கள். கூடத்துக்குள் காலை மேற்கே நீட்டி உட்காரவேண்டாம்.

நடுவே பாங்கு கேட்டால் பதறவேண்டாம். வேகமாக வாசலுக்கு நடந்தால் போதும். தொழ வருபவர்கள் கூட்டமாக எதிரே வருவார்கள், ஓரமாக ஒதுங்கிப் போங்கள்.

8. மினார் ஏறுவது

தெற்கு மினாரில் ஏற விடுவது உண்டு, தனிச் சீட்டு. மூடியிருக்கும் நாட்களும் உண்டு, ஆகவே அதை மட்டுமே நம்பி வராதீர்கள். ஏறக்குறைய 130 படிகள், குறுகிய சுழல்படி, நடுவில் இருட்டு. மேலே ஒரு சிலர்தான் நிற்க முடியும். உடன் ஆண் இல்லாமல் வரும் பெண்களை ஏற விடுவதில்லை. இதை முன்பே தெரிந்துகொண்டால் வாசலில் வாதிட்டு மனம் வருந்தவேண்டியதில்லை.

முற்றத்தைப் பார்த்து முடித்த பிறகு ஏறுங்கள். கீழே நடந்த இடங்களை மேலிருந்து பார்க்கும்போது எது எங்கே என்பது தெளிவாகும். அடுத்து நடக்கப்போகும் தெருக்களையும் அங்கேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். உயரப் பயம், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் தவிர்த்துவிடுங்கள். நடுவில் திரும்பி இறங்க இடமில்லை, பின்னால் வருபவர்கள் எல்லோரும் இறங்கவேண்டி வரும்.

9. மட்டியா மஹலில் காலைச் சாப்பாடு

தெற்கு வாசலில் இறங்கினால் எதிரே மட்டியா மஹல் தெரு. ஒன்பது மணிக்குள் வந்துவிடுவது நல்லது. ஏனென்றால் இங்கே காலையில் சாப்பிடவேண்டியது நிஹாரி. இரவு முழுவதும் மெல்லிய தீயில் வெந்த இறைச்சிக் குழம்பு, கூடவே கமீரி ரொட்டி. பழைய நிஹாரிக் கடைகளில் சட்டி காலியானதும் அவ்வளவுதான், மதியம் வரை இருக்காது. 1913-இல் தொடங்கிய கரீம்ஸ் உணவகமும் இந்தத் தெருவை ஒட்டிய கலி கபாபியான் சந்தில்தான் இருக்கிறது.

ஆர்டர் சொல்லும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். "படே கா" என்றால் எருமை இறைச்சி. "மட்டன்" என்றால் ஆட்டு இறைச்சி. விலை குறைவான நிஹாரியும் கபாபும் பெரும்பாலும் முதல் வகை. தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் உண்டு. கேட்டால் கடைக்காரர்கள் தயங்காமல் சொல்லிவிடுவார்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் இங்கே ஒரு தேநீரும் ஷீர்மால் ரொட்டியும் எடுத்துக்கொண்டு, முழுச் சாப்பாட்டை சாந்தினி சௌக்குக்கு ஒத்திவையுங்கள். அங்கே வகை வகையாகக் கிடைக்கும். கோடையில் வந்தால் வாசல் பக்கம் பால், ரோஜா சர்பத், தர்பூசணித் துண்டு சேர்த்து விற்பார்கள். வயிறு பழகாதவர்கள் ஐஸ் சேர்த்த எதையும் இங்கே குடிக்கவேண்டாம்.

தெருவில் சில உணவகங்களின் முன்னால் ஏழைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். வருபவர்கள் கடைக்காரரிடம் இத்தனை பேருக்கு என்று காசு கொடுத்தால், அந்த வரிசையில் உள்ளவர்களுக்கு அப்போதே சாப்பாடு போடுவார்கள். கொடுக்க மனமிருந்தால் இந்த வழியில் கொடுங்கள். நடுத்தெருவில் பர்ஸைத் திறப்பதைவிட உங்களுக்கும் பாதுகாப்பு, அவர்களுக்கும் பசி ஆறும்.

சாப்பிட்டபின் கடைகள் திறக்க நேரமிருக்கும். கிழக்குப் பக்கமாகச் சுற்றி வந்தால் படிகளின் அருகே சூஃபி ஞானி சர்மதின் சிவப்பு நிற தர்கா, ஒட்டியே ஹரே பரே ஷாவின் பச்சை நிற தர்கா. மீனா பஜார் பக்கத் தோட்டத்தில் நாட்டின் முதல் கல்வி அமைச்சர் மௌலானா ஆசாதின் அடக்கத்தலம். 1947 அக்டோபரில், பிரிவினைக் கலவரங்களுக்கு நடுவே, டெல்லியை விட்டுப் போகாதீர்கள் என்று அவர் மக்களிடம் பேசியது இதே பள்ளிவாசலில்தான். மிகச் சிலரே இங்கே வருகிறார்கள். ஐந்து நிமிடமாவது நின்று போங்கள்.

10. தரீபா வழியாக சாந்தினி சௌக்குக்கு

பத்தரை, பதினொன்றுக்குமேல் நடக்கத் தொடங்குங்கள். அதற்கு முன் கடைகள் முழுவதும் திறந்திருக்காது. பள்ளிவாசலின் வடக்குப் பக்கத்திலிருந்து தரீபா கலான் தெருவைக் கேட்டுப் போங்கள். வெள்ளி நகைத் தெரு. பாதி தூரத்தில் இடப்பக்கம் கினாரி பஜார் பிரியும். கல்யாணத்துக்கான சரிகை, மாலை, பார்டர், ஜிகினா எல்லாம் அங்கே. கினாரிக்குள் நௌகரா என்ற சிறு சந்து ஒன்று உண்டு. வண்ணம் தீட்டிய முகப்புகளோடு பழைய ஜைனர் வீடுகள் வரிசையாக நிற்கும். அது குடியிருப்பு, வீட்டுக்குள் எட்டிப் பார்க்காமல் வெளியே நின்று பாருங்கள். குளிர்காலம் என்றால் இந்தப் பக்கம் தட்டில் குவித்து தௌலத் கி சாட் விற்பார்கள், பால் நுரையில் செய்த இனிப்பு. வெயில் ஏறினால் கரைந்துவிடும், கண்டதும் வாங்குங்கள்.

கினாரியின் மறுகோடி பராட்டே வாலி கலியில் கொண்டுபோய் விடும். சைவக்காரர்களின் சாப்பாடு இங்கே. எண்ணெயில் பொரித்த பராட்டா, ஒன்றுக்குமேல் கேட்கும் முன் முதல் ஒன்றைச் சாப்பிட்டுப் பாருங்கள். அங்கிருந்து வெளியே வந்தால் சாந்தினி சௌக். வலப்பக்கம் சற்று நடந்தால் சீஸ்கஞ்ச் குருத்வாரா. தலையை மூடி, காலைக் கழுவி உள்ளே போங்கள்.

இந்தச் சந்துகளில் கூகுள் வரைபடம் அடிக்கடி குழம்பும். போனைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்மேல் தள்ளுவண்டி இடிப்பதும் நடக்கும், பாக்கெட்டில் கை வைப்பவர்களுக்கும் அதுதான் வசதி. அடுத்த இடத்தின் பெயரை மட்டும் மனதில் வைத்து, கடைக்காரரிடம் கேளுங்கள். "தரீபா?", "கினாரி?" என்று ஒரு சொல் போதும், இந்தி தெரியாவிட்டாலும் கை காட்டுவார்கள். பை எப்போதும் முன்பக்கம். பின்னால் "ஹட்டோ" என்று குரல் கேட்டால் நின்று திரும்பிப் பார்க்காமல் உடனே சுவரோரம் ஒதுங்குங்கள். தலைச்சுமையோடு வருபவரால் சட்டென்று நிற்க முடியாது.

11. ஃபதேபூரி, காரி பாவ்லி

சாந்தினி சௌக் செங்கோட்டையிலிருந்து ஃபதேபூரி மசூதி வரை ஒன்றேகால் கிலோமீட்டருக்குச் சற்று மேல். மேற்கே நடந்தால் இடப்பக்கம் புத்தகக் கடைகளின் நயீ சடக், அப்புறம் பல்லிமாரான். பல்லிமாரானுக்குள் காசிம் ஜான் சந்தில் கவிஞர் காலிப் வாழ்ந்த வீடு நினைவகமாக இருக்கிறது. திங்களன்று மூடியிருக்கும். கால் ஓய்ந்துவிட்டால் இந்த நீளத்துக்குச் சைக்கிள் ரிக்‌ஷா எடுக்கலாம். ஏறும் முன் மொத்தத் தொகையா, ஆளுக்கா என்று தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். சண்டை எல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான் வருகிறது.

ஃபதேபூரி மசூதி ஷாஜஹானின் மனைவியரில் ஒருவர் 1650-இல் கட்டியது. சிறியது, கூட்டம் குறைவு. தொழுபவர்களுக்கு ளுஹருக்குச் சரியான நேரத்தில் இங்கே வந்து சேர்வீர்கள், அதற்காகவே இதைக் கடைசியில் வைத்தேன். மற்றவர்கள் அந்த நேரத்தில் வெளியே இனிப்புக் கடையில் காத்திருந்துவிட்டுப் பிறகு போகலாம்.

பக்கத்திலேயே காரி பாவ்லி, மொத்த மசாலாச் சந்தை. மிளகாய் மூட்டைகள் உள்ள பகுதியில் எல்லோருக்கும் இருமல் வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் உள்ளே போகவேண்டாம், வெளிக்கடைகளிலேயே பாதாம், உலர் திராட்சை, ஏலக்காய் கிடைக்கும். எடை போடுவதைப் பார்த்து வாங்குங்கள். குங்குமப்பூவை மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

திரும்ப சாந்தினி சௌக் மெட்ரோ நிலையம். டவுன் ஹால் பக்கம் கேட்டால் காட்டுவார்கள். அங்கிருந்து புது டெல்லி இரண்டாவது நிறுத்தம். மதியம் இரண்டரைக்குள் அறைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

12. ரமலானில் வந்தால் வரிசை மாறும்

நோன்பு மாதத்தில் மட்டியா மஹல் பகலில் ஓய்ந்திருக்கும், நிஹாரியும் காலையில் கிடைக்காது. அப்போது கடைத்தெருக்களை முற்பகலில் முடித்து, அறையில் ஓய்வெடுத்து, மாலையில் பள்ளிவாசலுக்கு வாருங்கள். நோன்பு திறக்கும் மஃரிபு (சூரியன் மறையும் நேரத் தொழுகை) வேளைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே குடும்பம் குடும்பமாக முற்றத்தில் துணி விரித்து, பழமும் பகோடாவும் பேரீச்சையும் பரப்பி உட்காருவார்கள். நோன்பு வைக்காதவர்கள் அவர்கள் எதிரே தண்ணீர்கூடக் குடிக்கவேண்டாம். யாராவது அழைத்தால் உட்காருங்கள், மறுப்பதைவிட ஒரு பேரீச்சையை வாங்கிக்கொள்வது அவர்களுக்கு மகிழ்ச்சி. பகிர்ந்து வைக்க நீங்களும் ஒரு பெட்டி பழம் எடுத்துப் போகலாம்.

நோன்பு திறந்ததும் தொழுகை உடனே தொடங்கும். தொழாதவர்கள் அந்தச் சில நிமிடங்களில் ஓரத்து மண்டபத்துக்கு நகர்ந்து, காவலர் சொல்வதைக் கேட்டு வெளியேறுங்கள். மட்டியா மஹலில் அப்போது கால் வைக்க இடமிருக்காது. குழந்தைகள் இருந்தால் ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள், அல்லது நேராக மெட்ரோவுக்கு. கடைசி ரயில் இரவு பதினொரு மணியை ஒட்டி இருக்கும். நிலைய வாசலிலும் வரிசை நிற்கும் என்பதால் பத்தரைக்கே கிளம்பிவிடுங்கள்.